2005 ஸ்பிளெண்டர் பிளஸ்: ஆய்வில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி செய்தால் தினமும் 38 கிலோமீட்டர் நம்பி ஓட்டலாமா?

கரிசல்காட்டான்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி அப்பா 2005 செப்டம்பரில் புதிதாக வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ். மீட்டர் ஒரு சுற்று முடிந்து மறுபடி 21,000 காட்டுகிறது, அதாவது ஒரு லட்சத்து இருபத்தோராயிரம். 2020ல் பதினைந்து வருஷம் முடிந்தபோது ஆர்சி புதுப்பித்தோம், அந்த ஐந்து வருஷமும் இந்த மாதம் முடிந்துவிட்டது. ஒன்பது நாள் தாமதமாகத்தான் கவனித்தேன். 2025 ஆகஸ்டில் கட்டணத்தை ஏற்றியதில் இருபது வருஷம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிக்க 2,000 ரூபாய், அது போகப் பசுமை வரி, கார்டு என்று தனித்தனியாக. எல்லாம் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் கட்டி, படிவம் 25 எடுத்துக்கொண்டு நேற்று ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டப் போனேன்.

புகைச் சான்றிதழ் முதல் நாளே எடுத்தது. கார்பன் மோனாக்ஸைடு 1.6 சதவீதம், ஹைட்ரோகார்பன் 780. இந்த வயது ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு வரம்பு 3.5ம் 4,500ம் என்பதால் அந்தத் தைரியத்தில்தான் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் சேஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்த தாளோடு வைத்துப் பார்த்தார், இன்ஜின் நம்பர் பார்த்தார், இரண்டும் சரி. அப்புறம் ஹாரன் அடிக்கச் சொன்னார். தொண்டை கட்டியவன் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வலது இண்டிகேட்டர் மினுக்காமல் அப்படியே எரிந்து நிற்கிறது. பிரேக் லைட் எரிகிறது, ஆனால் வெயிலில் தெரியவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டி முன் பிரேக்கை மட்டும் பிடிக்கச் சொன்னார், வண்டி நிற்க யோசித்தது. கடைசியாகப் பின் டயரைக் கையால் தடவி, "இதை மாத்திட்டு வாங்க தம்பி" என்றார். மரியாதையாகத்தான் பேசினார், அவர் சொன்ன ஐந்தும் நியாயம்தான். சரி செய்து மறுபடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் ஒரே சமயத்தில் போனது தற்செயலா, இல்லை ஒரே காரணமா? இன்னொன்று பெரிய கேள்வி. வீட்டிலிருந்து மில்லுக்குப் போக வர 38 கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் நாலுவழிச் சாலை, ராத்திரி ஷிஃப்டும் உண்டு. ஆய்வில் பாஸ் ஆனால் இந்த வண்டியை நம்பலாமா? வீட்டில் விற்றுவிடச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு விருப்பமில்லை, எனக்கும் இல்லை. ஆனால் விருப்பத்தை வைத்து முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது.

ஸ்பேனர்1012:

தம்பி, 26 வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிறேன், அதில் பாதி ஸ்பிளெண்டர்தான். உங்கள் மூன்று கோளாறும் ஒரே கோளாறு.

உங்கள் வருஷத்து வண்டியில் ஹெட்லைட்டுக்குக் கரண்ட் இன்ஜினோடு சுற்றும் மேக்னட்டோவிலிருந்து நேராகப் போகிறது. அதனால்தான் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் பளிச்சென்றும் ஐட்லிங்கில் மங்கியும் எரியும். அது நோய் இல்லை, அந்த வண்டியின் சுபாவம். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் பேட்டரியில் ஓடுவது. மூன்றும் சேர்ந்து சுணங்கினால் பேட்டரி, இல்லாவிட்டால் எர்த். தனித்தனியாக ஹாரன் வாங்காதீர்கள், ஃப்ளாஷர் வாங்காதீர்கள். கடையில் மூன்றையும் விற்கத்தான் பார்ப்பார்கள்.

ஒரு மல்டிமீட்டர் இரவல் வாங்குங்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன் பேட்டரியில் வைத்துப் பார்த்தால் 12.5 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்து நன்றாகக் கொடுத்தால் 14ஐத் தாண்ட வேண்டும். தாண்டினால் சார்ஜிங் நலம். 15க்கும் மேலே ஓடினால் ரெகுலேட்டர் போய்விட்டது, அது புது பேட்டரியையும் தின்றுவிடும், முதலில் அதை மாற்றுங்கள். அப்புறம் பச்சை வயரைத் தேடுங்கள். ஹோண்டா வயரிங்கில் பச்சைதான் எர்த். சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் இடத்தில் இருபது வருஷத் துரு இருக்கும். கழற்றி, உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவி இறுக்குங்கள்.

முன் பிரேக்குக்கு லைனர் தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். டிரம்மைக் கழற்றி லைனரை விரலால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் கனம் இருந்தும் பிடிக்காது. லைனரை விரித்துத் தள்ளும் கேமும் காய்ந்திருக்கும். டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், அது என்ன என்று எழுதுங்கள்.

நொய்யல்:

கரிசல், நான் வேறு மாதிரி சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் 2003 ஸ்பிளெண்டரை 2022 வரை வைத்திருந்தவன்தான். இன்ஜின் இன்னும் பத்து வருஷம் ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாலுவழிச் சாலையில் உங்களைக் காப்பாற்றப்போவது இன்ஜின் இல்லை.

முன்னால் 130 மில்லிமீட்டர் டிரம், பின்னாலும் டிரம், இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் 125 சிசி வரையிலான வண்டிகளில் பின் பிரேக்கை மிதித்தால் முன்னாலும் சேர்ந்து பிடிக்கிறது. பதற்றத்தில் காலை மட்டும் அழுத்துகிற நம் ஆட்களுக்கு அது பெரிய வித்தியாசம். 2017லிருந்து ஹெட்லைட் பகலிலும் எரிகிறது, எதிரே வருகிறவன் கண்ணில் நாம் படுகிறோம். உங்கள் ராத்திரி ஷிஃப்டுக்கு அந்த 35 வாட் பல்பு வெளிச்சம் போதவே போதாது. இப்போது ஜிஎஸ்டியும் 28லிருந்து 18க்கு வந்திருக்கிறது. அப்பா வண்டியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்குள் ஓட்டுங்கள். மில்லுக்குப் போக வேறு ஒன்று பாருங்கள்.

ஸ்பேனர்1012:

நொய்யல் சொல்வதில் பிரேக் விஷயம் உண்மை, மறுக்கமாட்டேன். ஆனால் என் கடைக்கு வருகிற மூன்று வருஷத்து வண்டிகளிலும் முன் லைனர் தேய்ந்து உலோகத்தோடு உலோகம் உரசுகிறதைப் பார்க்கிறேன். சேர்ந்து பிடிக்கிற பிரேக்காக இருந்தாலும் பிடிக்க லைனர் இருக்க வேண்டும் இல்லையா. பராமரிக்கிற ஆளைப் பொறுத்தது.

கரிசல்காட்டான்:

ஞாயிறு முழுக்க வண்டியோடுதான். ஸ்பேனர் அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே.

பேட்டரி காலையில் 11.3. வாங்கி நாலரை வருஷம். ஸ்டார்ட் செய்து கொடுத்தால் 14.1 வரை போனது, ஆக சார்ஜிங் இருக்கிறது. பச்சை வயர் போல்ட்டைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம், சைடு கவரைக் கழற்றிப் பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத்தான் தொட முடிந்தது. கழற்றியபோது வயர் நுனியிலிருந்த வளையம் பிஸ்கட் மாதிரி இரண்டாக உடைந்தது. புது வளையம் வைத்து, தேய்த்து, இறுக்கி, பழைய பேட்டரியோடே ஹாரன் அடித்தேன். தெருமுனைக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். புது பேட்டரியும் போட்டேன், இண்டிகேட்டர் ஒழுங்காக மினுக்குகிறது, பிரேக் லைட் மத்தியான வெயிலிலும் தெரிகிறது. ஹாரனும் ஃப்ளாஷரும் வாங்கவே இல்லை.

முன் டிரம் கழற்றினேன். லைனரில் கனம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் மேற்பரப்பு கறுத்து, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. கேம் சுற்றவே மறுத்தது. எப்படியும் கழற்றியாகிவிட்டது என்று லைனர் புதிதாகவே போட்டுவிட்டேன், டிரம் உள்ளே உப்புத்தாளால் குறுக்குவாட்டில் தேய்த்தேன், கேமுக்கு ஒரு பொட்டு கிரீஸ். கேபிளும் மாற்றினேன், உள்ளே இழைகள் இரண்டு அறுந்திருந்தன.

பின் டயர் எண் 1416. அது என்ன?

ஸ்பேனர்1012:

2016ஆம் வருஷம் பதினான்காவது வாரம் செய்த டயர். ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. டயர் மேல் பட்டன் தேயாமல் இருந்தாலுமே மாற்ற வேண்டிய வயசு, ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும், மழையில் வழுக்கும். 2.75-18 தான் உங்கள் அளவு. பெரிசு போட்டால் நன்றாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். ட்யூபும் ரிம் டேப்பும் சேர்த்துப் புதிதாகப் போடுங்கள். முன் டயர் எண்ணையும் பாருங்கள்.

தேம்ஸ்கரை:

லண்டன் பக்கத்திலிருந்து. படித்துக்கொண்டே வந்தேன், இங்கே நடப்பதைச் சொன்னால் உதவும் என்று தோன்றுகிறது.

இங்கே வண்டி மூன்று வயதைத் தாண்டினால் வருஷா வருஷம் எம்ஓடி சோதனை. என்னிடம் இருப்பது 2004 ஹோண்டா சிஜி125, உங்கள் வண்டிக்குத் தூரத்துச் சொந்தம். சோதிப்பவர் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைப் பிடித்து ஆட்டுவார், பிரேக்கை மெஷினில் வைத்து அளப்பார், ஹெட்லைட் எங்கே விழுகிறது என்று பார்ப்பார். 2018லிருந்து குறைகளைத் தரம் பிரித்துத்தான் எழுதுகிறார்கள். ஆபத்தானது, பெரியது என்றால் ஃபெயில். சின்னது என்றால் பாஸ், ஆனால் சரி செய்ய வேண்டும். இன்னும் குறையாகவில்லை, கவனித்துக்கொள் என்கிற மாதிரி ஒரு வகையும் உண்டு, அட்வைசரி என்பார்கள். அந்த அட்வைசரிதான் எனக்கு எல்லாவற்றையும்விட உபயோகம். வண்டி எண்ணைப் போட்டால் முந்தைய வருஷங்களின் முடிவும் ஆன்லைனில் வரும். என் வண்டியில் இரண்டு வருஷம் தொடர்ந்து "பின் ஸ்பிராக்கெட் தேய்கிறது" என்று இருந்தது, மூன்றாவது வருஷம் நானே முந்திக்கொண்டு மாற்றினேன்.

அவ்வளவு பார்த்தும் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் எப்படி இருக்கிறது என்பது அந்தச் சோதனையில் வராது. சோதனை நடந்த அந்த நேரத்தில் வண்டி எப்படி இருந்தது என்பதற்குத்தான் சான்றிதழ். அதனால் கரிசல், ஒரு நோட்டுப் போடுங்கள். பாஸ், ஃபெயில் இல்லாமல் "கவனி" என்று ஒரு பக்கம். டயர் எண், லைனர் மாற்றிய தேதி, செயின் எவ்வளவு தொய்கிறது, எல்லாம் மீட்டர் ரீடிங்கோடு.

கரிசல்காட்டான்:

பாஸ்!

பின் டயர், ட்யூப் எல்லாம் புதன்கிழமை மாலை ஒரு டயர் கடையில் மாற்றி, வியாழன் காலை கொண்டுபோனேன். ஹாரன், லைட், முன் பிரேக், பின் பிரேக், டயர். மொத்தமே எட்டு நிமிஷம் இருக்கும். 2030 செப்டம்பர் வரை செல்லும். இப்போது கார்டைக் கையில் தருவதில்லை, போஸ்டில்தான் வரும் என்றார்கள். வழியில் நின்று அப்பாவுக்கு போன் செய்தேன், "அதான் எனக்குத் தெரியுமே" என்றார். ஆனால் குரலில் சந்தோஷம் தெரிந்தது.

எல்லாருக்கும் நன்றி. இனி தைரியமாக ஓட்டலாம் என்று நினைக்கிறேன்.

ஸ்பேனர்1012:

வாழ்த்துகள் தம்பி. ஆனால் அந்தக் கடைசி வரியோடு எனக்கு ஒத்துப்போகவில்லை, அதனால் விரிவாக எழுதுகிறேன்.

அந்த எட்டு நிமிஷத்தில் அவர் பார்த்தது நின்றுகொண்டு பார்க்கக்கூடியவை மட்டும். உட்கார்ந்து பார்க்க வேண்டியதை அவர் பார்க்கவில்லை, அந்த வரிசையில் பார்க்கவும் முடியாது. இருபது வருஷ வண்டி நடுவழியில் நிற்பதும் ஆளைத் தள்ளுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையால்தான்.

முதலில் கோன் செட், அதாவது ஹேண்டில்பார் திரும்புகிற பேரிங். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவரை உட்காரவைத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நேர்நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்கிற மாதிரி இருந்தால் உள்ளே குண்டு உட்காரும் தடம் பள்ளமாகிவிட்டது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டி தானாக ஆடும். அடுத்து பின் சக்கரத்தை மேலே கீழே இல்லாமல் பக்கவாட்டில் ஆட்டுங்கள். டக் டக் என்றால் சக்கர பேரிங்கோ ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ போயிருக்கும். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வாருங்கள், ஒரே மாதிரி கணீரென்று வரவேண்டும், தொப்பென்று சத்தம் வருகிற இடத்தில் ஸ்போக் தளர்ந்திருக்கிறது.

இன்ஜின் பற்றிக் கேட்டால், காலையில் முதல் உதையில் மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல், அவசரமில்லை. ஓடும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் தேய்ந்திருக்கும். ஆயில் மாற்றும்போது வெளியே வருகிற ஆயிலை அளந்து பாருங்கள், யாரும் செய்வதில்லை. ஊற்றியதில் எவ்வளவு குறைந்தது என்று தெரிந்தால் இன்ஜின் ஜாதகமே தெரிந்த மாதிரி.

அப்புறம், பின் சக்கரத்தைச் சமீபத்தில் கழற்றியிருக்கிறீர்கள். வேறு ஆள் கழற்றியது. அதனால் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். பின் பிரேக் பிளேட்டிலிருந்து ஸ்விங் ஆர்முக்கு ஒரு தட்டைக் கம்பி போகும், ஸ்டே என்போம். அதன் நட்டில், நட் கழலாமல் குறுக்கே மாட்டுகிற ஸ்பிளிட் பின் இருக்கிறதா பாருங்கள்.

வைகை2008:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் டிஸ்கவர் 135, 2008 ஏப்ரல். ஆர்சி 2023 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது, கவனிக்கவே இல்லை. இன்சூரன்ஸ் மட்டும் வருஷா வருஷம் கட்டிக்கொண்டிருக்கிறேன். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டியை ஸ்கிராப்புக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று ஒருவர் சொன்னதால் ஆபீஸ் பக்கம் போகவே பயம்.

நொய்யல்:

அந்தப் பயம் வேண்டாம். பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்பது டெல்லி வட்டாரத்துக்கான உத்தரவு, தமிழ்நாட்டுக்கு இல்லை. இங்கே வண்டி தகுதியாக இருந்தால் ஐந்து ஐந்து வருஷமாக நீட்டித்துக்கொண்டே போகலாம். உங்களுடையது இருபது வருஷத்துக்குள் என்பதால் புதுப்பிக்க 1,000 ரூபாய். தாமதத்துக்கு விதிப்படி பைக்குக்கு மாதம் 300, முப்பது மாதம் என்றால் 9,000 வரும். பரிவாஹனில் வண்டி எண்ணைப் போட்டால் சரியான தொகையே காட்டும்.

ஆனால் பணத்தைவிடப் பெரிய விஷயம், ஆர்சி செல்லாத வண்டி சட்டப்படி பதிவில்லாத வண்டி. ஒரு விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கட்டிய ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது, பதிவு இல்லை என்பதைக் காட்டித்தான் முதலில் மறுப்பார்கள். அடுத்தவருக்கு அடிபட்டால் அந்தப் பாரமும் உங்கள் தலையில் விழலாம். இந்த வாரமே போய்விடுங்கள். இடையில் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

இனி யாராக இருந்தாலும், முடிவதற்கு அறுபது நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆர்சியின் கடைசித் தேதியை போனில் அலாரமாக வைத்துவிடுங்கள்.

கொடிகாமம்90:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அப்பப்பா காலத்து ஹோண்டா எம்டி 90 இன்னும் ஓடுகிறது. இங்கே வருடா வருடம் வாகன லைசென்ஸ் எடுக்க முதல் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். குழாயில் கம்பியை விட்டு அளப்பார்கள், மற்றபடி பிரேக் ஒன்றையும் பெரிதாகப் பார்க்கமாட்டார்கள். அதனால் ஸ்பேனர் அண்ணை எழுதியதைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். எங்களுக்கு ஒரிஜினல் சாமான் கிடைப்பதுதான் கஷ்டம். பெட்டியில் பெயர் இருக்கும், உள்ளே இருப்பது வேறு. லைனர் வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்பேனர்1012:

எடையைப் பாருங்கள் தம்பி, பழையதைக் கையோடு கொண்டுபோய் இரண்டையும் இரண்டு கையில் வைத்துப் பாருங்கள். டூப்ளிகேட்டில் ஒட்டியிருக்கும் பசை ஓரத்தில் வழிந்து நிற்கும், ஸ்பிரிங் மாட்டும் காது ஒழுங்காக வார்த்திருக்காது. லைனர் ஷூவிலிருந்து பெயர்ந்து டிரம்முக்குள் சுருண்டு சக்கரத்தைப் பூட்டியதை நான் பார்த்திருக்கிறேன். மற்ற எதிலும் மிச்சம் பிடியுங்கள், பிரேக்கிலும் டயரிலும் செயினிலும் வேண்டாம்.

அல்லி:

2007 ஸ்கூட்டி பெப் ஓட்டுகிறேன், பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பெட்ரோலைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு செய்த வண்டிகளில் அதற்கு ஏற்ற ரப்பர், பிளாஸ்டிக் போட்டிருக்கிறார்கள். நம்முடையவற்றில் இல்லை. எத்தனால் சில வகை ரப்பரை ஊதவைத்து மிருதுவாக்கும், அப்புறம் காய்ந்து வெடிக்கும். இன்னொன்று, அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு அவ்வளவு பாதிப்பில்லை, டேங்க் காலியாகி நிரம்பிக்கொண்டே இருக்கும். ஒரு மாதம் நிறுத்திவைத்தால்தான் தொல்லை, அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும், டேங்க் துருப்பிடிக்கும். என் வண்டியில் பெட்ரோல் ட்யூபை அழுத்தினால் பல்லி வால் போலத் துண்டாகிவிடும் நிலையில் இருந்தது. ட்யூப், கார்புரேட்டர் மிதவை வால்வ், கிண்ணத்துக் கேஸ்கட் மூன்றும் மாற்றினேன். மைலேஜும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அது எத்தனாலின் இயல்பு, ட்யூனிங்கைக் குறை சொல்ல வேண்டாம்.

கரிசல், கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் மூட்டை வளைத்துப் பாருங்கள். கீறல் இருந்தால் காற்று உள்ளே போகும், ஐட்லிங் ஏறி இறங்கும்.

கரிசல்காட்டான்:

கை இன்னும் நடுங்குகிறது, ஆனால் உடனே எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஸ்பேனர் அண்ணே இன்றைக்கே பார் என்று எழுதியதை நான் அன்றைக்குப் பார்க்கவில்லை. ஷிஃப்ட் மாற்றம், நாள் ஓடிவிட்டது. இன்று காலையில் நோட்டில் எழுதலாம் என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். அந்த ஸ்டே கம்பியின் பின் முனையில் ஸ்பிளிட் பின் இல்லை. நட்டை விரலால் தொட்டேன், சுழன்றது. ஸ்பேனர் தேவைப்படவில்லை. மூன்று சுற்றுச் சுற்றினால் கையோடு வந்துவிடும், போல்ட்டின் நுனி மரையில் புதிதாக உரசிய பளபளப்பு.

டயர் மாற்றியபோது கழற்றியிருக்கிறார்கள், ஸ்பிளிட் பின் உடைந்திருக்கும், புதியது போடவில்லை. வியாழக்கிழமை ஆய்வுக்கு நான் ஓட்டிக்கொண்டு போனது இந்த வண்டியைத்தான். பின் பிரேக்கையும் மிதித்துக் காட்டினேன், பாஸ் போட்டார்கள். அதற்கப்புறம் ஆறு நாள், 228 கிலோமீட்டர், அதில் இரண்டு நாள் என் பெண் பின்னால் உட்கார்ந்து டியூஷனுக்கு வந்திருக்கிறாள்.

அந்த நட் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் அண்ணே? உள்ளதைச் சொல்லுங்கள்.

ஸ்பேனர்1012:

சொல்கிறேன். பிரேக் பிடிக்கும்போது லைனர் டிரம்மைப் பிடிக்கிறது, டிரம் லைனரைத் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது. இழுபடாமல் பிளேட்டைப் பிடித்து நிறுத்துவது அந்த ஒரு கம்பிதான். அது விடுபட்டால் நீங்கள் மிதித்த கணத்தில் பிளேட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், பிரேக் ராட் முறுக்கிக்கொள்ளும், சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். அறுபதில் போகும்போது என்றால் மேலே எழுத எனக்கு மனமில்லை.

டயர் கடைப் பையன்கள் கெட்டவர்கள் இல்லை. பின்னை நிமிர்த்தி உருவும்போது ஒரு கால் உடையும், கையில் புதுசு இருக்காது, வரிசையில் நாலு வண்டி நிற்கும், நட்டை இறுக்கி அனுப்பிவிடுவார்கள். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போட்டாலும் தப்புதான். புதிய பின் ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசு, பத்தாக வாங்கி டூல்ஸ் பையில் போட்டுவையுங்கள். மரை பளபளக்கிறது என்கிறீர்கள், அதனால் போல்ட், நட் இரண்டையும் மாற்றுங்கள். நட்டை இறுக்கி, பின்னை விட்டு, இரண்டு காலையும் எதிரெதிராக மடக்குங்கள். சக்கரத்தின் ஆக்சில் நட், பிரேக் ராட் நட், செயின் அட்ஜஸ்டர் மூன்றையும் அதே மூச்சில் பாருங்கள். அதுவரை வண்டியை எடுக்கக் கூடாது, கடைக்குக்கூட.

நொய்யல்:

கரிசல், படித்துவிட்டு ரொம்ப நேரம் எழுத வரவில்லை. உங்கள் பெண் நலமாக இருக்கிறாள், அது போதும்.

நான் புது வண்டி வாங்கச் சொன்னேன். அதை முழுக்க வாபஸ் வாங்கவில்லை, ராத்திரி ஷிஃப்டுக்கு வெளிச்சம் விஷயத்தில் இன்னும் அதையேதான் சொல்வேன். ஆனால் இதே தவறு என் 2022 வண்டியிலும் நடக்கலாம் என்பது உறைக்கிறது. போன மாதம் பின் சக்கரம் பஞ்சர், நெடுஞ்சாலை ஓரக் கடை ஒன்றில் கழற்றினார்கள். இப்போது டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போகிறேன்.

தேம்ஸ்கரை:

இங்கே சோதிப்பவர்கள் அந்தப் பின்னைப் பார்ப்பார்கள். ஆனாலும் சோதனை முடிந்த மறுநாள் டயர் மாற்றினால் அடுத்த சோதனை வரை ஒரு வருஷம் யாரும் பார்க்கமாட்டார்கள். என் நோட்டில் "சக்கரம் கழற்றினால்" என்று ஒரு பக்கம் இன்றைக்குச் சேர்த்திருக்கிறேன்.

கரிசல்காட்டான்:

எல்லாரும் கேட்டதால் கடைசி நிலவரம்.

போல்ட், நட், பின் மூன்றும் புதிது. டயர் கடைக்கும் போனேன், சண்டை போடவில்லை. அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. என்னிடமிருந்த மீதிப் பின்களை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அப்புறம் வேறு பாக்கெட் வாங்கிக்கொண்டேன்.

கோன் செட் சோதனையில் நடுவில் விழுந்து நிற்பது தெரிகிறது, லேசாகத்தான், ஆனால் தெரிகிறது. வரும் ஞாயிறு மாற்றுகிறேன். ஸ்போக் மூன்று தளர்வு, இறுக்கியாகிவிட்டது. பெட்ரோல் ட்யூப் மாற்றிவிட்டேன் அல்லி டீச்சர், கார்புரேட்டர் ரப்பரில் கீறல் இல்லை. ராத்திரி ஷிஃப்ட் வாரங்களில் மில் வேனில் போவதென்று முடிவு செய்திருக்கிறேன், நொய்யல் சொன்ன வெளிச்ச விஷயம் சரிதான். பகல் ஷிஃப்டுக்கு இதுதான். ஆர்சி கார்டு நேற்று போஸ்டில் வந்தது, அப்பா வாங்கித் தன் பெயர் இருக்கிற பக்கத்தைப் பார்த்துவிட்டு பீரோவில் வைத்திருக்கிறார்.

வைகை2008:

பணம் கட்டிவிட்டேன், வரும் புதன் வண்டியைக் காட்ட வேண்டும். அதற்கு முன் இன்று டிஸ்கவரைச் சாய்த்துவைத்து அந்த ஸ்டே கம்பியைப் பார்த்தேன். பின் இருக்க வேண்டிய ஓட்டையில் கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கி வைத்திருக்கிறார்கள். எத்தனை வருஷமாக இப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. ஸ்பேனர் அண்ணே, டிஸ்கவருக்கு என்ன அளவு பின் என்று ஹார்டுவேர் கடையில் கேட்பது?

ஸ்பேனர்1012:

அளவு சொல்லி வாங்க வேண்டாம். போல்ட்டையே கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். ஓட்டையில் ஆடாமல் நுழைகிற தடிமனாகப் பார்த்து வாங்குங்கள்.